சீனத் தூரிகை எழுத்து: அழகாக எழுதுவதற்கு எதற்கு இத்தனை தத்துவம்?

கேள்வி: 2023 நவம்பர் 11

சீனப் பண்பாட்டுக்கு ஓர் அறிமுகம் என்று ஒரு கட்டுரை படித்தேன். கன்பூசியஸ், தாவோ, பௌத்தம் என்று மூன்று பத்தி. ஓவியம், தேநீர், குங்ஃபூ என்று இன்னொரு மூன்று பத்தி. ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன சம்பந்தம் என்று கடைசிவரை புரியவில்லை. இதில் கையெழுத்தை எல்லாக் கலைக்கும் மேலே தூக்கி வைக்கிறார்கள். அழகாக எழுதுவது நம் பள்ளியில் ஐந்து மதிப்பெண் விஷயம். அதற்குப் போய் இத்தனை தத்துவமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2023 நவம்பர் 11, இரவு

"அழகாக எழுதுவது" என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் வழி பிரிகிறது.

ஓட்டெழுத்தில், அதாவது கை ஓட்டமாகப் போகும் பாணியில், எழுதப்பட்டவற்றில் முதல் மூன்று இடம் இவைதான் என்று சீனர்கள் காலங்காலமாகச் சொல்லும் தாள்கள் மூன்று. மூன்றும் வரைவுகள். மூன்றிலும் அடித்தல் திருத்தல் இருக்கிறது. ஒன்று ஓடைக்கரை விருந்தில் எழுதியது. ஒன்று கொலையுண்ட பிள்ளையை நினைத்து எழுதியது. ஒன்று தண்டனையாக அனுப்பப்பட்ட ஊரில், விடாத மழையைப் பற்றி எழுதியது. என் நான்காம் வகுப்பு டீச்சர் கையில் கிடைத்திருந்தால் மூன்றையும் "சுத்தமாக எழுதிக்கொண்டு வா" என்று திருப்பிக் கொடுத்திருப்பார்.

நான் இருப்பது சிங்கப்பூரில். 2018 முதல் எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலையில் தூரிகை பிடிக்கக் கற்கிறேன். பாடம் சொல்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். லாவ்ஷி என்று கூப்பிடுவோம். சீனத்தில் ஆசிரியர் என்று பொருள். எனக்குச் சீனம் கடையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் வரும். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு படம் என்பதால் அது பெரிய தடையாக இல்லை. கைவழியாக எனக்குப் புரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

2023 நவம்பர் 12

முதலில் அந்த விருந்து.

கி.பி. 353. சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம், மூன்றாம் நாள். இன்றைய ஷாவ்ஷிங் நகருக்கு அருகே லான்டிங் என்ற இடம். வாங் ஷீஜி என்ற அதிகாரி நண்பர்களையும் உறவினர்களையும் கூட்டியிருந்தார், நாற்பது பேருக்கு மேல். அது நீரில் தீட்டுக் கழிக்கும் நாள். வளைந்து வளைந்து ஓடும் ஓடையில் மதுக்கிண்ணத்தை மிதக்க விடுவார்கள். கிண்ணம் யார் முன்னால் நிற்கிறதோ அவர் ஒரு கவிதை சொல்ல வேண்டும். வரவில்லையா, மூன்று கிண்ணம் தண்டம். பதினாறு பேர் தண்டம் குடித்தார்கள் என்பது வழிவழிக் கணக்கு. அதில் ஒருவன் வாங் ஷீஜியின் கடைசி மகன் வாங் ஷியான்ஜி. ஒன்பது வயது. பின்னாளில் அப்பாவோடு சேர்த்து "இரண்டு வாங்" என்று பேசப்பட்டவன் அந்தப் பையன்தான்.

அன்றைய கவிதைகளுக்கு வாங் ஷீஜி அங்கேயே ஒரு முன்னுரை எழுதினார். 28 வரி, 324 எழுத்து. "ஜி" என்று ஒரு சிறிய எழுத்து, நம் ஆறாம் வேற்றுமை உருபு மாதிரி. அது அந்தத் தாளில் இருபது இடத்தில் வருகிறது. ஓரிடத்தில் இருப்பதுபோல இன்னோரிடத்தில் இல்லை. ஒன்று படுத்திருக்கிறது, ஒன்று நிமிர்ந்து நடக்கிறது, ஒன்று அடுத்த எழுத்தின் தோளில் கைபோடுகிறது. திட்டம் போட்டு அப்படி எழுத முடியாது. மது தெளிந்த பிறகு வாங் ஷீஜியே திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தாராம், முதல் தாளின் பக்கத்தில் ஒன்றும் நிற்கவில்லையாம். கதையாகவே இருக்கட்டும். தூரிகை பிடித்த யாரும் இந்தக் கதையை நம்பாமல் இருக்க மாட்டார்கள்.

2023 நவம்பர் 19

தத்துவம் எங்கே என்று கேட்டீர்கள். அந்தத் தாளுக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் சண்டையாக.

முன்னுரையின் முதல் பாதி முழுக்கச் சந்தோஷம்: தெளிந்த வானம், இளங்காற்று, மூங்கில், ஓடை. பாதியில் தொனி மாறுகிறது. சற்று முன் மகிழ்ந்த ஒன்று கண்மூடித் திறப்பதற்குள் பழையதாகிவிடுகிறது, உயிரின் நீளம் எவ்வளவானாலும் முடிவு ஒன்றுதான் என்று சோர்கிறார். அப்போது அவருக்கு ஜுவாங்சி நினைவுக்கு வருகிறார். கி.மு. நான்காம் நூற்றாண்டின் தாவோ ஞானி. சாவும் வாழ்வும் ஒன்றே, நூற்றுக்கணக்கான ஆண்டு வாழ்ந்த பெங் கிழவரும் பிறந்ததும் இறந்த குழந்தையும் ஒன்றே என்பது அவர் வழி. வாங் ஷீஜி வளர்ந்ததே இந்தப் பேச்சுக்கு நடுவில்தான். அன்று மட்டும் மறுக்கிறார். சாவும் வாழ்வும் ஒன்று என்பது வெறும் பேச்சு, அந்தக் கிழவரையும் குழந்தையையும் சமமாக்குவது பொய் என்று நேராக எழுதிவிடுகிறார். பிறகு, நாம் முன்னோரைப் பார்ப்பது போலத்தான் பின்னால் வருபவர்கள் நம்மைப் பார்ப்பார்கள் என்கிறார்.

விருந்து, சடங்கு, கவிதை, எழுத்து, தாவோ எல்லாம் ஒரே தாளில் ஒரே மூச்சில். கட்டுரைகளில் இவை தனித்தனிப் பத்தியாக வருவதால்தான் உங்களுக்குச் சம்பந்தம் தெரியவில்லை. அங்கே இதெல்லாம் ஒரே ஆளுடைய ஒரு நாள்.

2023 நவம்பர் 25, வகுப்பு முடிந்து வந்ததும்

இன்று கையைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம் எனக்கு ஒரே பாடம். ஒரு படுக்கைக் கோடு. சீனத்தில் ஒன்று என்ற எண்ணும் அதுதான். இடமிருந்து வலமாக இழுத்தால் முடிந்தது என்று நினைத்துப் போனேன்.

தூரிகையைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். விரல்கள் இறுக்கம், உள்ளங்கை மட்டும் ஒரு முட்டையை வைத்திருப்பது போலக் காலி. கோடு வலப்பக்கம் போக வேண்டும் என்றால் நுனி முதலில் இடப்பக்கம் போக வேண்டும். மயிரிழை அளவு இடது பக்கம் ஊன்றி, நுனியை உள்ளே மறைத்துத் திரும்பி, அப்புறம்தான் வலது. கோடு முடியும் இடத்திலும் அப்படியே ஓடிவிடக் கூடாது. நின்று, கொஞ்சம் அழுத்தி, வந்த வழியே சற்றே திரும்ப வேண்டும். இதைச் செய்யாத கோடு தாளில் செத்துக் கிடப்பது கண்ணுக்கே தெரிகிறது. செய்த கோடு வெறும் கோடுதான், ஆனால் உள்ளே எலும்பு இருக்கிறது.

ஒரு வருடம் கழித்து, தாவோ மரபின் மூல ஆசானாகச் சொல்லப்படும் லாவோட்சுவின் நூலில் நாற்பதாம் அத்தியாயத்தை மொழிபெயர்ப்பில் படித்தேன். திரும்புதலே தாவோவின் அசைவு என்று முதல் வரி. புத்தகத்தை மூடிவிட்டேன். அதை என் மணிக்கட்டு ஒரு வருடமாகச் செய்துகொண்டிருந்தது.

மை அரைப்பதையும் சொல்ல வேண்டும். பைன் மரத்தையோ எண்ணெயையோ எரித்துப் பிடித்த புகைக்கரியை விலங்குத் தோல் பசையில் குழைத்துக் கட்டியாக்கியது சீன மை. கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டியை நிமிர்த்திப் பிடித்து, வட்டமாக அரைக்க வேண்டும். மை அரைக்கும்போது நோயாளி, தூரிகை பிடிக்கும்போது மல்லன் என்று ஒரு பழைய சொல் உண்டு. அவ்வளவு மெதுவாக. புட்டி மை கடையில் கிடைக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அரைக்கிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் அலுவலகம் தலையை விட்டு இறங்குகிறது. கட்டியிலிருந்து ஒரு வாசனை வரும், சிலவற்றில் கற்பூர வாடை. எனக்கு எங்கள் பாட்டியின் பூஜை அறை ஞாபகம் வந்துவிடும்.

2023 டிசம்பர் 3

தாள் வாங்கும்போது கவனம். "அசல் ஷுவான் தாள்" என்று ஒரு கடையில் நூறு தாள் கட்டு வாங்கி ஏமாந்தேன். மை உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கியது. அது எந்திரத்தில் செய்த மரக்கூழ்த் தாள்.

அசல் என்பது அன்ஹுய் மாகாணம் ஜிங் வட்டாரத்தில், நீலச் சந்தனம் என்று பெயர் பெற்ற மரத்தின் பட்டையையும் வைக்கோலையும் சேர்த்துச் செய்வது. பெயர்தான் சந்தனம், நம் சந்தனத்துக்கும் அதற்கும் உறவில்லை. அதன் செய்முறையை 2009-ல் யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. சீனக் கையெழுத்துக் கலையும் அதே ஆண்டில்தான் சேர்ந்தது. மையைப் பார்த்ததும் குடித்துவிடும் தாள் அது. கை ஒரு நொடி தயங்கினால் அந்தத் தயக்கம் கருப்பு வட்டமாகப் பரவி நின்றுவிடும். அழிக்க முடியாது, மேலே பூசித் திருத்தவும் முடியாது, பூசினால் இரண்டாம் மை தனியாகத் தெரியும். இந்தக் கலையைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: கை எப்போது ஓடியது, எப்போது நின்றது, எங்கே மை தீர்ந்தது என்பதெல்லாம் தாளில் அப்படியே இருக்கும். ஆயிரம் வருடம் கழித்தும் ஒருவர் விரலால் அந்த வழியில் போய்ப் பார்க்கலாம்.

2023 டிசம்பர் 10

"இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாதா" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். ஜுவாங்சியின் நூலில் இதற்கு ஒரு கதை இருக்கிறது.

சீ நாட்டுக் கோமகன் ஹுவான் மண்டபத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். கீழே முற்றத்தில் பியன் என்ற தச்சர் சக்கரம் செதுக்குகிறார். உளியை வைத்துவிட்டு மேலே வந்து, என்ன படிக்கிறீர்கள் என்கிறார். ஞானிகளின் சொற்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா? இல்லை. அப்படியானால் நீங்கள் படிப்பது செத்தவர்களின் சக்கை. கோமகனுக்குக் கோபம்: விளக்கம் சொல், இல்லையென்றால் தலை போகும். தச்சர் தன் வேலையை வைத்தே சொல்கிறார். உளியை மெதுவாக அடித்தால் வழுக்கும், பிடிக்காது. வேகமாக அடித்தால் கடிக்கும், உள்ளே போகாது. மெதுவும் இல்லாமல் வேகமும் இல்லாமல் கை அறிகிறது, மனம் இசைகிறது, வாயால் சொல்ல வரவில்லை. என் மகனுக்கே சொல்லித்தர முடியவில்லை. அதனால்தான் எழுபது வயதிலும் நானே செதுக்குகிறேன்.

நம்மிடம் "சித்திரமும் கைப்பழக்கம்" என்று ஒரே அடியில் முடிந்துவிட்டது. தச்சர் அதை இன்னும் ஒரு படி கொண்டுபோகிறார், பழக்கம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தானாகப் போகாது என்று. எங்கள் லாவ்ஷி பாதி நேரம் பேசுவதே இல்லை. பின்னால் வந்து நின்று என் கைமேல் தன் கையை வைத்து ஒரு கோடு இழுப்பார். அந்த அழுத்தம்தான் பாடம்.

2023 டிசம்பர் 28: ஒரு திருத்தம்

முதல் குறிப்பில் "ஒவ்வொரு எழுத்தும் ஒரு படம்" என்று எழுதிவிட்டேன். தவறு. மலேசியாவிலிருந்து ஒரு நண்பர் சரியாகப் பிடித்தார்.

மலை, மரம், சூரியன் போன்றவை படமாகத் தொடங்கியவைதாம். ஆனால் பெரும்பாலான எழுத்துகள் இரண்டு துண்டு சேர்ந்தவை: ஒரு துண்டு பொருளைக் காட்டும், மற்றது ஒலியைக் காட்டும். "மா" என்றால் அம்மா. இடப்பக்கம் பெண் என்ற துண்டு, வலப்பக்கம் குதிரை என்ற துண்டு. குதிரைக்கும் அம்மாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குதிரைக்கும் உச்சரிப்பு "மா", சுரம் மட்டும் வேறு, அதனால் கடன் வாங்கினார்கள். இந்த வகைகளையெல்லாம் ஷு ஷென் என்ற அறிஞர் கி.பி. 100 வாக்கிலேயே 9,353 எழுத்துகளுக்கு அகராதி எழுதிப் பிரித்து வைத்துவிட்டார்.

இந்தத் திருத்தம் முக்கியம் என்று நினைக்கிறேன். படம் என்று நம்பினால் தூரிகை எழுத்தையும் ஓவியமாகப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். "மலை மாதிரி இருக்கிறதா" என்று கேட்போம். கேட்க வேண்டியது அது இல்லை. கோடு எப்படிப் போனது என்பதுதான்.

2024 ஜனவரி 28

சீனப் புத்தாண்டு வருகிறது. நேற்று மன்றத்தின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் சிவப்புத் தாளில் வாசல் ஈரடிகள் எழுதிக் கொடுத்தோம். பெரியவர்கள் ஈரடி எழுத, என்னைப் போன்றவர்களுக்கு "ஃபூ" என்ற ஒற்றை எழுத்து. நல்வாழ்வு, பாக்கியம். தாளைச் சாய்சதுரமாகத் திருப்பி எழுதுவோம். சிலர் வீட்டில் தலைகீழாக ஒட்டுவார்கள். தலைகீழ் என்ற சொல்லும் வந்துவிட்டது என்ற சொல்லும் சீனத்தில் ஒரே ஒலி. பாக்கியம் தலைகீழானால் பாக்கியம் வந்துவிட்டது.

எண்பது வயது ஆயா ஒருவர் என் தாளை வாங்கிக்கொண்டு, கதவில் தலைகீழாக ஒட்டக் கூடாது, அலமாரியில்தான் ஒட்ட வேண்டும் என்று என்னிடம் நீண்ட நேரம் சொன்னார். பாதி ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி, பாதி மலாய். கோணலாக வந்திருந்த ஒன்றைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். கொழுப்பாக இருக்கிறதாம்.

2024 பிப்ரவரி 18

இரண்டாவது தாள். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

யான் ஜென்ச்சிங். தாங் அரச காலத்து அதிகாரி. 755-ல் ஆன் லுஷான் என்ற தளபதி கலகம் செய்கிறான். யானின் ஒன்றுவிட்ட அண்ணன் சாங்ஷான் நகரைக் காத்துப் போரிடுகிறார். உதவிப்படை வரவில்லை. நகரம் விழுகிறது, அண்ணன், அவர் மகன் ஜிமிங், குடும்பத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்படுகிறார்கள். 758-ல் ஜிமிங்கின் தலை மட்டும் கிடைக்கிறது. அந்தப் பிள்ளையின் நீத்தார் சடங்கில் படிப்பதற்கான உரையின் வரைவுதான் இது. இப்போது தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நகலை மேசையில் விரித்துப் பார்த்தால் தொடக்கம் அமைதியாக இருக்கும். தேதி, பதவிப்பெயர், முறையான சொற்கள். பிள்ளையின் பெயர் வந்த பிறகு வேகம் கூடுகிறது. மை தீர்ந்தும் நிறுத்தாமல் எழுதுகிறார். காய்ந்த தூரிகை தாளைச் சுரண்டுகிறது, கோட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கீறல். அப்பா பிடிபட்டார், மகன் செத்தான், கூடு சாய்ந்தது, முட்டைகள் உடைந்தன என்ற இடத்தில் எழுத்துகள் பெரிதாகின்றன. முப்பது எழுத்துகளுக்கு மேல் அடித்திருக்கிறார். கடைசி வரிகளில் ஓலச் சொற்கள் ஒன்றுக்குள் ஒன்று விழுகின்றன.

2019-ல் ஷியான் போயிருந்தேன். அங்கே கல்வெட்டுக் காடு என்று ஓர் அருங்காட்சியகம், 1087-ல் தொடங்கியது. அதே யான் எழுதி 752-ல் வெட்டிய "பல மாணிக்கக் கோபுரம்" என்ற கல்வெட்டு அங்கே நிற்கிறது. வகுப்பில் இரண்டு வருடம் நான் பார்த்து எழுதியது அதைத்தான். ஒவ்வொரு எழுத்தும் தன் கட்டத்துக்குள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஆறே வருடம். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமல் பார்த்தால் ஒரே ஆள் எழுதியது என்று நம்ப மாட்டீர்கள்.

ஊர் திரும்பிய உற்சாகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து, அந்த இரங்கல் வரைவைப் பார்த்து எழுதி லாவ்ஷியிடம் காட்டினேன். காய்ந்த கோடுகூட நன்றாக வந்திருந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். ஒரே கேள்விதான் கேட்டார்: "உனக்கு யார் இறந்தார்கள்?"

தாளைச் சுருட்டி எடுத்து வந்துவிட்டேன். மறுவாரம் பழையபடி படுக்கைக் கோடு.

2024 மார்ச் 9

"அப்படியானால் எழுத்தைப் பார்த்தால் ஆளின் குணம் தெரிந்துவிடுமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன்.

கன்பூசிய மரபில் ஆம் என்பார்கள். படித்தவன் பழக வேண்டிய ஆறு கலைகளில் எழுத்தும் ஒன்று. சடங்கு, இசை, வில், தேர், கணக்கு மற்ற ஐந்து. கை பழகப் பழக ஆளும் பழகுகிறான் என்பது நம்பிக்கை. தாங் காலத்தில் லியூ கோங்ச்சுவான் என்ற எழுத்துக் கலைஞரிடம் பேரரசர், தூரிகையை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார். மனம் நேராக இருந்தால் தூரிகை நேராக இருக்கும் என்றார் அவர். ஆட்சி சரியில்லை என்று குத்துகிறார் எனப் பேரரசருக்குப் புரிந்து முகம் மாறியதாம். யான் ஜென்ச்சிங்கையும் சாட்சிக்கு அழைப்பார்கள். எழுபது வயது தாண்டி இன்னொரு கலகக்காரனிடம் தூது போய், பணிய மறுத்துக் கொல்லப்பட்டவர். அந்த அகன்ற தோள் எழுத்துக்கு ஏற்ற ஆள்தான்.

எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. சொங் அரச காலத்து அமைச்சர் சாய் ஜிங் ஊழலுக்குப் பேர்போனவர், எழுத்து அபாரம். சொங் காலத்து நான்கு பெரியவர்களில் "சாய்" என்றது முதலில் அவரைத்தான், கெட்ட பெயரால் வேறொரு சாயை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அவருடைய பேரரசர் ஹுய்சோங் மெல்லிய தங்கக் கம்பி போன்ற ஓர் எழுத்துப் பாணியையே உண்டாக்கியவர். 1127-ல் நாட்டை இழந்து, வடக்கே கைதியாகவே இறந்தார். அந்த எழுத்தில் அப்படி ஒரு கட்டுப்பாடு, ஆட்சியில் அது இல்லை.

ஆகவே குணம் தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். எழுதிய அந்த நேரம் தெரியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2024 ஏப்ரல் 4

இன்று சிங்மிங், முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்யும் நாள். இதற்கு முந்தின நாள் பழைய கணக்கில் குளிர் உணவு நாள்: அடுப்பு மூட்டக் கூடாது, ஆறியதைத்தான் சாப்பிட வேண்டும். மூன்றாவது தாளைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது.

சு ஷி. சொங் காலத்துக் கவிஞர், அதிகாரி. கவிதையில் அரசைக் கிண்டல் செய்தார் என்று 1079-ல் வழக்கு, சிறை. உயிர் தப்பி 1080-ல் ஹுவாங்ஜோ என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். வேலை பெயருக்குத்தான். கிழக்குச் சரிவில் ஒரு துண்டு நிலத்தை உழுது பிழைத்தார். அந்தச் சரிவின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டார், தொங்போ. 1082-ல் அந்த ஊரில் மூன்றாவது குளிர் உணவு நாள். இரண்டு மாத மழை, இலையுதிர் காலம்போல் குளிர். வீடு சின்னப் படகுபோல நீரில் மிதக்கிறது. காலிச் சமையலறையில் ஆறிய கீரை, உடைந்த அடுப்பில் ஈர நாணல். இன்று எந்த நாள் என்றே தெரியாமல் இருக்கிறார். காகம் ஒன்று தாளைக் கவ்விப் போவதைப் பார்த்ததும் புரிகிறது. யாரோ முன்னோருக்குப் படைத்த தாள்.

இரண்டு எழுத்துகளைச் சொல்கிறேன். "நாணல்" என்ற எழுத்தின் நெடுங்கோடு கீழே இறங்கிக்கொண்டே போகிறது. "தாள்" என்ற எழுத்திலும் அப்படியே. கடைசிக் கோடு இரண்டு மூன்று எழுத்துக்கான இடத்தை விழுங்கிக்கொண்டு ஊசிபோலக் கூர்ந்து முடிகிறது. அதற்கு அடுத்து வரும் எழுத்துகள் ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கின்றன. முதல் வரிகள் சின்ன எழுத்து, அடக்கமான எழுத்து. போகப்போகப் பெரிதாகி, கரிய மையோடு பொங்கி, மறுபடி அடங்குகின்றன.

நண்பர் ஹுவாங் திங்ஜியான் அதே சுருளில், கவிதையை அடுத்து எழுதிவைத்தார்: தொங்போ மறுபடி முயன்றாலும் இதை எட்டுவாரோ என்னவோ. வாங் ஷீஜி கதையும் இதுவும் ஒன்றையே சொல்வதைக் கவனியுங்கள். நடுவில் ஏழு நூற்றாண்டு.

2024 ஏப்ரல் 11

இன்றுதான் அந்த மூன்றாம் மாதம் மூன்றாம் நாள். ஆகவே லான்டிங் பற்றி விட்டுப்போன ஒன்று.

நாம் பார்ப்பது மூலத்தாள் இல்லை. தாங் பேரரசர் தாய்சோங் இதன்மேல் உயிரையே வைத்திருந்தார். ஒரு பிக்குவிடமிருந்து தந்திரமாக எடுத்துவரச் செய்தார் என்பார்கள். 649-ல் அவர் இறந்தபோது கல்லறைக்குள் அவரோடு போய்விட்டது என்பது மரபு. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது தாங் காலத்து நகல், ஃபெங் செங்சு எடுத்தது என்று சொல்லப்படுவது. நகல் எடுத்தவர் அடித்ததையும் திருத்தியதையும் விடாமல் எடுத்திருக்கிறார். அதற்காகவே அவரை நான் வணங்குகிறேன்.

இன்னொன்று, சின்ன விஷயம். வாங் ஷீஜிக்கு வாத்துகள்மேல் கொள்ளை ஆசை. ஒரு தாவோ துறவி வளர்த்த வாத்துகளைக் கேட்க, லாவோட்சுவின் நூலை எழுதிக்கொடுத்தால் தருகிறேன் என்றாராம். உட்கார்ந்து முழு நூலையும் எழுதிக்கொடுத்து, கூண்டோடு வாத்துகளைத் தூக்கிக்கொண்டு மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனார். வாத்தின் கழுத்து திரும்புவதைப் பார்த்துத்தான் மணிக்கட்டைத் திருப்பக் கற்றார் என்று லாவ்ஷி சொல்வார். போத்தானிக் பூங்கா அன்னக் குளத்தருகே நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். கழுத்து எங்கேயும் ஒடியாமல் திசை மாறுகிறது.

2024 ஜூன் 2

"நம் ஓலைச்சுவடிக்கு இப்படி ஒரு மரபு ஏன் இல்லை" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தரம் பற்றிய கேள்வியாக இதைப் பார்க்க வேண்டாம், கருவியைப் பாருங்கள். எழுத்தாணி ஓலையைக் கீறுகிறது. அழுத்தினாலும் விட்டாலும் கோட்டின் பருமன் பெரிதாக மாறாது. பிறகு கரி பூசித் துடைத்தால்தான் தெரியவே தெரியும். தூரிகையோ மயிரிழையிலிருந்து கட்டைவிரல் பருமன்வரை ஒரே இழுப்பில் போகும். கீறும் கையில் நேரம் பதிவதைவிடத் தடவும் கையில் அதிகம் பதிகிறது.

இரண்டு எழுத்தும் அருகருகே இருக்கும் கல் ஒன்று உண்டு. 1409 தேதியிட்டு, கடற்தளபதி ஜெங் ஹேயின் கப்பல்கள் இலங்கைக்குக் கொண்டுவந்த கல். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கைப் பட்டியல். 1911-ல் காலி நகரில் கிடைத்தது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். அங்கே போகிறவர்கள் தமிழ்ப் பகுதியைப் படித்த பிறகு சீனப் பகுதியையும் கொஞ்சம் பாருங்கள். தேய்ந்துதான் இருக்கிறது. ஆனாலும் உளியால் வெட்டிய கோட்டிலும் தூரிகையின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டப் பார்ப்பது சீனக் கல்தச்சர்களின் வழக்கம், அதைத் தேடிப் பாருங்கள்.

2024 ஆகஸ்ட் 17

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, தூரிகை வாங்கிவிட்டேன், "ஓநாய் முடி" என்று போட்டிருக்கிறது, ஓநாயைக் கொன்றா செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். பயப்படாதீர்கள். பெயர் அப்படி, முடி மரநாய் இனத்து வீசல் என்ற சிறு விலங்கின் வால் முடி. விறைப்பாக, துள்ளலாக இருக்கும். கற்பவர்களுக்கு ஆட்டு முடியும் இதுவும் கலந்தது நல்லது, சொன்னபடி கேட்கும்.

புதுத் தூரிகை பசை போட்டு விறைத்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, விரலால் மெதுவாகப் பிரியுங்கள். வெந்நீர் வேண்டாம், முடியைக் கட்டிய பசை விட்டுவிடும். முதல் மாதம் செய்தித்தாளிலேயே எழுதுங்கள், நல்ல தாளை வீணாக்க வேண்டாம். ஒரு படுக்கைக் கோடு போதும். இடப்பக்கம் தொடங்குங்கள். முடித்ததும் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, நுனியைக் கூராக்கி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கோடு போட்ட செய்தித்தாளைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதி வையுங்கள்.